பணத்தோடு போகாத பேர்

அழுக்கைப் பார்த்து முகம் சுளிக்கிற பெண் இல்லை அவள்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் துணி வெளுக்கிற கூடம் இருந்தது. அதில் முதல் அறை அவளுடையது. மாடிகளிலிருந்து ஒரு சறுக்குக் குழாய் வழியாகப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து தொப்பென்று விழும். அவற்றை அவிழ்த்துப் பிரிப்பதுதான் அவள் வேலை. இரத்தம் பட்டது ஒரு பக்கம், மருந்து பட்டது ஒரு பக்கம், வாயால் சொல்ல முடியாதது ஒரு பக்கம். மெஷினில் அப்படியே போட்டுவிட முடியாது. உள்ளே ஊசி இருக்கும், கத்தரி இருக்கும், சில சமயம் யாரோ ஒரு கிழவரின் பல்செட் சிரித்துக்கொண்டிருக்கும். கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மூட்டையிலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவள் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். "மனுஷ உடம்புதானே, உள்ள இருக்கறது வெளிய வருது. இதுல அசிங்கம் என்ன இருக்கு?" என்பாள். கூடத்தில் எல்லாரும் அவளை 'அழுக்கக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட அழுக்கக்காவுக்கு ஒருநாள் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு குமட்டியது. அது ஆஸ்பத்திரியில் இல்லை. கண்ணாடி பளபளக்க, குளிர்காற்று வீச, வாசனைத் தண்ணீர் தெளித்து வைத்திருந்த ஒரு பணம் அனுப்பும் கடையில். அங்கே அவள் பார்த்த அசிங்கத்தைத் துழாவி எடுக்க எந்தக் கையுறையும் போதாது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

புருஷன் போனபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு பெண் குழந்தையும், கதவு சரியாகச் சாத்தாத ஒரு வாடகை வீடும்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். கொழுந்தன் மட்டும் நின்றார். "அண்ணன் பிள்ளை எனக்கும் பிள்ளைதான் அண்ணி. நீங்க கடல் தாண்டிப் போய் நாலு காசு பாருங்க. இவளை நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். அந்தக் கும்பிட்ட கையை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

வந்த இடத்தில் பணம் அனுப்ப வழியும் கொழுந்தனே காட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் அவள் அறை இருந்த தெருவிலேயே கடை வைத்திருந்தார். சம்பளம் வாங்கியதும் அவள் கடைக்குப் போவாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று நோட்டுக் கட்டை நீட்டுவாள். அவர் எண்ணிப் பார்த்து மேசைக்குள் தள்ளிவிட்டு, போனில் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார். அவள் வெங்காயம் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் கையில் பணம் இருக்கும். கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை, சீட்டும் இல்லை.

"ஒரு சீட்டாவது எழுதி வாங்கிக்கோயேன்டி" என்று கூடத்துத் தோழி ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டு மடிப்பெடுக்கிற வேலை அவளுக்கு. ஆளும் உருண்டையாக இருந்ததால் 'உருளை' என்ற பேர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது.

"உறவுக்குள்ள எதுக்கு சீட்டு? கேட்டா தப்பா நினைப்பாரு" என்றாள் அழுக்கக்கா.

அது மட்டும் இல்லை. அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு குணம் இருந்தது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது. சொல்லிக் காட்டினால் கொடுத்தது கழிந்துபோகும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். அவள் புருஷன் யாருக்காவது சட்டை வாங்கிக் கொடுத்தால்கூட, "கடையில சும்மா குடுத்தான்" என்றுதான் சொல்வார். அதே ரத்தம்தானே மகளும். வாராவாரம் போனில் பேசும்போது அவள், "சாப்பிட்டியா, படிச்சியா, முடி இன்னும் கொட்டுதா, எண்ணெய் வெச்சியா" என்று ஆயிரம் கேட்பாள். "பணம் வந்துச்சா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கேட்பது கடன்காரி கேட்பதுபோல இருக்கும் என்று நினைத்தாள்.

மகளும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 'பாரு, என் பொண்ணும் என்னை மாதிரியே. வாங்கினதைச் சொல்லி வழியாம கம்பீரமா இருக்கா' என்று அந்தப் பைத்தியக்காரி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

மகள் பள்ளிப்படிப்பை முடித்தாள். ரத்தம் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடமும் கிடைத்தது. வாரக் கடைசிக்குள் மொத்தக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அழுக்கக்கா இதற்காகவே ஓவர்டைம் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள். துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள்.

மளிகைக்காரர் அவளைப் பார்த்ததுமே வாசலுக்கு ஓடி வந்தார். "அக்கா, இந்தப் பக்கமே வராதீங்க. ஒரே போலீஸ் கெடுபிடி. பக்கத்துத் தெருவுல ஒருத்தரை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு நான் அரிசி பருப்பு மட்டும்தான்."

"அய்யோ, பிள்ளைக்குக் காலேஜ் பணம் கட்டணுமே!"

"பேங்க் இருக்கு, கடை இருக்கு, போன்லகூட அனுப்பறாங்களாம். எப்படியாவது அனுப்புங்க. இந்தாங்க, கொத்தமல்லி ஃப்ரீ" என்று ஒரு கட்டைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலில் ஒரு பதைப்பு. "எப்படி அனுப்பினாலும் என் பேருக்கே அனுப்புங்க அண்ணி. சின்னப் பொண்ணு. கையில காசு புழங்கினா புத்தி கெட்டுடும்."

"சரிங்க தம்பி" என்றாள். சந்தேகம் என்பது அவளுக்குத் துளியும் இல்லை. எவ்வளவு அக்கறை பாரு என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு. உருளை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே யோசனை சொன்னாள். துணி வண்டி ஓட்டுகிறவர் கூடவே உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் காலத்துல எவனாவது வரிசையில நிப்பானா? போன்லயே அனுப்பலாம்க்கா, கொண்டாங்க இங்க" என்று டிரைவர் அவள் போனை வாங்கி என்னவோ இறக்கினார். "கட்டை விரலை இதுல வைங்க."

வைத்தாள். போன் சிவப்பாகக் காட்டி மறுத்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. ப்ளீச்சிலும் சோடாவிலும் ஊறி ஊறி அவள் விரல்களில் ரேகை என்று ஒன்று மிச்சமே இல்லை. வழவழவென்று சோப்புக் கட்டிபோல இருந்தன.

"அக்கா, இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீங்க கொள்ளையே அடிக்கலாம், ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது" என்று டிரைவர் சிரித்தார்.

"அடிக்கறவன் எல்லாம் ரேகையோடதான் அடிக்கறான், போய்யா" என்றாள் உருளை.

பேங்குக்குப் போனாள். நாற்காலியில் இருந்த மனிதர் அவளைப் பார்த்ததும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். உடம்பிலிருந்து வந்த மருந்து வாடை அவருக்கு ஆகவில்லை போலிருக்கிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே பேசினார். அந்தப் பக்கம் கணக்கு எண் வேண்டுமாம். மகளுக்கு இருந்த ஒரே கணக்கு, சின்ன வயதில் சித்தப்பா காப்பாளராக இருந்து தொடங்கியது. எண்ணும் புத்தகமும் அவரிடம்தான். போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு, "ஆகறப்போ ஆகும்" என்றார். இப்படி நாற்காலியைத் தள்ளிக்கொள்கிறவனிடம் தன் வியர்வையைக் கொடுப்பதா என்று அவளுக்கு வெறுப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

மிஞ்சியது பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் பணம் அனுப்பும் கடைதான். வாசலில் விளக்குப் பலகை ஒரு மாற்று விலையைக் காட்டி மின்னியது. உள்ளே போனால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் வேறு ஒரு விலையைச் சொன்னாள்.

"என்னம்மா, வாசல்ல ஒண்ணு போட்டிருக்கு, நீ ஒண்ணு சொல்றே?"

"அது பெரிய தொகைக்கும்மா. அதோட கட்டணம் தனி."

"கட்டணமும் வாங்கிப்பீங்க, விலையிலயும் கிள்ளுவீங்க. ஒரே ஆட்டை ரெண்டு தடவை அறுக்கறீங்க!"

அந்தப் பெண் இதையெல்லாம் தினமும் கேட்டுப் பழகியவள்போலச் சிரித்தாள். "வாங்கிக்கறவங்க அடையாள அட்டையில என்ன பேர் இருக்கோ, அதே மாதிரி வேணும். ஒரு எழுத்து மாறினாலும் அங்க குடுக்க மாட்டாங்க."

கொழுந்தன் அட்டையில் பேர் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆனால் மகள் புதிதாக எடுத்த அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள், 'அம்மா, நான் பெரிய மனுஷி ஆயிட்டேன்' என்று. அந்தப் படம் போனில் இருந்தது. உருளை வேறு காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்: "மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடாதே. ஆழம் பாக்க முதல்ல கம்பை விடு, அப்புறம் காலை விடு."

ஆகவே கொஞ்சம் பணம் மட்டும் மகள் பேருக்குப் போட்டாள். அந்தப் பெண் ஒரு ரகசிய எண்ணை எழுதிக் கொடுத்தாள். "இந்த எண்ணை அவங்க காட்டணும். அப்புறம் யார் அனுப்பினதுன்னு கேப்பாங்க. உங்க பேரைச் சொல்லணும். அவ்வளவுதான்."

அழுக்கக்கா வழக்கம்போல எண்ணைக் கொழுந்தனுக்குத்தான் அனுப்பினாள். பாப்பா பேருக்குப் போட்டிருக்கிறேன், அவளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். அனுப்பியவர் பேரைக் கேட்பார்கள் என்று எழுதவில்லை. அதை வேறு எழுத வேண்டுமா? பெற்ற தாயின் பேர் பிள்ளைக்குத் தெரியாதா?

அடுத்த நாள் மத்தியானம் போனில் செய்தி வந்தது. பெறுநர் சொன்ன விவரம் பொருந்தவில்லை, பணம் வழங்கப்படவில்லை, கடைக்கு நேரில் வரவும்.

அவள் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். "என்னம்மா, பணத்தை முழுங்கப் பாக்கறீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதீங்கம்மா. பணம் பத்திரமா இருக்கு. இருங்க, அந்தக் கிளையில கேக்கறேன்." அந்தப் பெண் யாரிடமோ பேசினாள். போனை வைத்தாள். "உங்க பொண்ணு வந்திருக்கு. அட்டை சரி, எண்ணும் சரி. யார் அனுப்பினதுன்னு கேட்டதுக்குத் தப்பான பேரைச் சொல்லியிருக்கு. ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ரெண்டு தடவையும் அதையே சொல்லியிருக்கு."

"என்ன பேரு?"

"ஏதோ ஆம்பளை பேரு" என்றவள், எழுதி வைத்திருந்ததைப் படித்தாள்.

கொழுந்தன் பேர்.

வாசனைத் தண்ணீரின் நெடி மூக்கில் ஏறி அழுக்கக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிலையத்துப் படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"கவுன்டர்ல யார் பேரைச் சொன்னே கண்ணு?"

"சித்தப்பா பேருதான். குடுக்கவே மாட்டேன்னுட்டாங்கம்மா. சித்தப்பா வந்து என்னைத்தான் திட்டினாரு."

"ஏன் சித்தப்பா பேரைச் சொன்னே?"

"அவர்தானேம்மா அனுப்பினாரு? தெரிஞ்சவங்க மூலமா காலேஜுக்குப் பணம் புரட்டியிருக்கேன், போய் வாங்கிட்டு வான்னு சொன்னாரு."

"இத்தனை நாளா ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டினது?"

"சித்தப்பா."

"சைக்கிள்?"

"சித்தப்பா."

"இப்பப் பேசறியே, இந்தப் போன்?"

"சித்தப்பா." பதில் யோசனையே இல்லாமல் வந்தது, வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதுபோல. "என்னம்மா, நீயும் அவர் மாதிரியே கேக்கறே?"

"அவர் மாதிரியேன்னா?"

"வீட்டுக்கு யாராவது வந்தா என்னைக் கூப்பிட்டு நடுக்கூடத்துல நிறுத்தி இப்படித்தான் கேப்பாரு. ஃபீஸ் யாரு கட்டினது, இந்த டிரஸ் யாரு எடுத்துக் குடுத்ததுன்னு. நான் சித்தப்பான்னு சொல்லணும். மெதுவா சொன்னா மறுபடி கேப்பாரு. உடனே வந்தவங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு சொல்லுவாங்க. அவர் போதும் போதும்னு கையை ஆட்டுவாரு."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறியிருக்கிறான். அதுவும் எப்படி? தகப்பனில்லாத பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொல்லிக் கொடுத்து, அவள் வாயாலேயே பெற்றவளை அழித்திருக்கிறான்! அழுக்கக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நான் என்ன பண்றேன்னு சொன்னாரு?"

மகள் தயங்கினாள். "உனக்கு அங்க வாடகைக்கே பத்தலைன்னு... உன்கிட்ட பணத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவமானத்துல மனசு உடைஞ்சிடுவான்னு. நானும் பாவம்னுதான் கேக்கல."

கேட்கக் கூடாது என்று இவளுக்கு ஒரு குணம், அந்தக் குணத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு பிள்ளையின் வாயையும் கருணையால் தைத்துவிட்டான். இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவில் இருந்த இடுக்கில் குடியேறிய கரப்பான் பூச்சி!

அவள் இப்போது சொல்லியாக வேண்டும். வாழ்நாளில் சொல்லாத வார்த்தை. பஸ்கள் வந்து வந்து போயின.

"கண்ணு, அதெல்லாம் நான் அனுப்பினது."

ஆரம்பித்தபின் அவள் நிறுத்தவில்லை.

"சைக்கிள், போன், ஃபீஸ், எல்லாமே. மாசா மாசம்."

"பொய் சொல்றியா?" என்றாள் மகள். "சித்தி திட்டறப்பல்லாம், சொந்தத் தாயே கைவிட்டுட்டா, இவருக்கு என்ன தலையெழுத்தான்னு திட்டுவாங்க. எத்தனையோ நாள் எனக்கு உன்மேல அவ்வளவு வெறுப்பா இருந்திருக்கும்மா. இப்ப திடீர்னு வந்து எல்லாம் நான்தான்கறே. எதை நம்பறது? ஒரு சீட்டு, ரசீது ஏதாவது வெச்சிருக்கியா?"

இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் கொடுத்த பணத்துக்கு ஏது ரசீது? வேண்டுமென்றால் அந்த ஒரு கட்டுக் கொத்தமல்லி சாட்சி சொல்லும். மகள் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அதற்குள் அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. குரலில் நெய் வழிந்தது.

"எதுக்கு அண்ணி இவ்வளவு கோபம்? நீங்க அனுப்பினதுல ஒரு காசு குறைஞ்சிருக்கா? பிள்ளைக்குத்தானே செலவு பண்ணேன்? கணக்கு வேணுமா?"

"பணத்தை நீங்க எடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் தம்பி."

"அப்ப பேர்தானே பிரச்சனை? பேர்ல என்ன இருக்கு? பொம்பளை வெளிநாட்டுல அழுக்குத் துணி பிரிச்ச காசுல பிள்ளை படிக்குதுன்னு சொன்னா, நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவான்? ஆம்பளை ஒருத்தன் நிக்கறான்னு இருந்தாத்தானே அவளுக்கு மரியாதை? உங்க பிள்ளை நல்லதுக்குத்தான் அண்ணி நான் அந்தப் பேரைச் சுமந்தேன்!"

சுமந்தாராம். கேட்டுக்கொள்ளுங்கள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. மிச்சப் பணத்தை என் பேருக்கே அனுப்பிடுங்க. உங்க பேரை நானே பக்குவமா அவகிட்ட எடுத்துச் சொல்றேன்."

"நான்தான் அவ அம்மாங்கறதை நீங்க எடுத்துச் சொல்லி அவ தெரிஞ்சுக்கணுமா? தூ!" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் திட்ட வந்தது. போனை அணைத்தாள். போன் பட்ட காதைப் புடவையால் துடைத்தாள்.

கூடத்துக்குத் திரும்பி உருளையிடம் சொன்னபோது உருளை மெஷினையே நிறுத்திவிட்டாள். "பீடை! கட்டையில போறவன்! திருடினாக்கூட ஒரு நேர்மை இருக்குடி. கடைத்தேங்காயை எடுத்து உடைச்சு, கைதட்டலை மட்டும் மடியில கட்டிக்கிட்டிருக்கானே!" என்று பொரிந்து தள்ளினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இப்ப என்ன பண்ணப் போறே?"

"அதே கடையில, மொத்தப் பணத்தையும், பாப்பா பேருக்கு."

"அவ நம்பலைன்னு சொல்றே. நாளைக்கு மறுபடி சித்தப்பா பேரையே சொல்லி வெச்சா? இல்ல, போகவே இல்லைன்னா? வாரக் கடைசி முடிஞ்சா இடம் போயிடும்டி. அதுவும் அந்த ரெட்டைக் கத்திக்காரன் கடையில எவ்வளவு புடுங்குவான் தெரியுமா?"

"புடுங்கட்டும். அந்த ஒரு இடத்துலதான் யார் அனுப்பினதுன்னு கேக்கறான்."

சாயந்திரம் வேலை முடிந்ததும் போனாள். துணிப்பையைக் கவிழ்த்தாள். கட்டணம், விலைக் கிள்ளல் எல்லாம் போக மிஞ்சியதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. முன்பு அனுப்பிய கம்பு நுனிப் பணத்தையும் இதோடு சேர்க்கச் சொன்னாள். மகளுக்குத் தானே எண்ணை அனுப்பினாள். அதன் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதினாள்: 'உனக்கு நான் ரசீது காட்ட முடியாது. அங்கே போ. என் பேரைச் சொல். நான் சொன்னது பொய்யானால் உன் கையில் ஒரு காசு வராது.'

செய்தி போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. பதில் வரவில்லை.

அடுத்த நாள் முழுக்க வரவில்லை. அவள் மூட்டைகளைப் பிரித்தாள். ஒரு தலையணை உறையில் யாரோ குழந்தையின் பால் பல் கிடந்தது, எடுத்துத் துடைத்து நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள். உருளை சாப்பிடக் கூப்பிட்டதற்குப் போகவில்லை. காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் விடிந்தது. அன்றும் காலை போயிற்று. பிள்ளை மனசில் வருஷக்கணக்காக ஊறிய கறை ஒரு செய்தியில் போய்விடுமா என்று நினைத்துக்கொண்டே சறுக்குக் குழாயின் கீழே நின்றபோது போன் அடித்தது.

மகள். ஆனால் பேசவில்லை. தூரத்தில் ஆட்கள் பேசுகிற சத்தமும், ஏதோ மணி அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன. போனைத் திறந்தபடியே கையில் பிடித்திருக்கிறாள் என்று அழுக்கக்காவுக்குப் புரிந்தது. உறை போட்ட கையால் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அட்டை குடும்மா... எண்... சரி." அந்தப் பக்கத்துக் கடைக்காரரின் குரல்.

உடனே நடுவில் இன்னொரு குரல் நுழைந்தது. நெய் வழிகிற குரல். "சார், நான்தான் இந்தப் பொண்ணோட சித்தப்பா. நாங்க குடும்பமா சேர்ந்து புரட்டின பணம். என்கிட்டயே கேளுங்க, நான் சொல்றேன்."

இங்கேயும் வந்துவிட்டான்! கடைசி நிமிஷத்திலும், கண்ணாடிக்கு முன்னாலும், தன் நிழலைக் கொண்டுவந்து பிள்ளை மேல் போட்டு நிற்கிறான். அழுக்கக்கா ஏதோ கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் மகள் காதில் விழும், ஆனால் பேரை மகளேதான் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க யாரா இருந்தா எனக்கென்ன சார்? வாங்கறவங்கதான் சொல்லணும். சொல்லும்மா, யார் அனுப்பினது?"

ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள்.

"சித்தப்பா," என்றது மகளின் குரல்.

அழுக்கக்காவின் உயிர் அங்கேயே நின்றது.

"சித்தப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என்னைத்தான் கேக்கறாங்க."

பிறகு மகள் சொன்னாள். தாயின் பேரை, முழுப்பேரை, தகப்பன் பேரோடு சேர்த்து. நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்துச் சொல்ல வைப்பார்களே, அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"என்னைப் பெத்தவங்க சார்" என்றாள்.

"உறவெல்லாம் வேண்டாம்மா, பேர் போதும்" என்றார் அந்த மனிதர். நோட்டு எண்ணுகிற மெஷின் சடசடவென்று ஓடத் தொடங்கியது.

"இருங்க சார்" என்றாள் மகள். "பின்னால நிக்கற எல்லாருக்கும் கேட்டுச்சா தெரியல. இன்னொரு தடவை சொல்றேன்."